வலது பெடல்

ஜூன் 2, செவ்வாய்
விடுதி, அறை 11

அன்புள்ள பெருசு,

காது எப்படி இருக்கிறது? போன் திரையைப் பார்த்தால் உனக்குத் தலை சுற்றுகிறது, காதில் வைத்தும் பேச முடியவில்லை என்று உன் அக்கா சொன்னாள். தாளில் எழுதினால் படிப்பாய் அல்லவா? பள்ளியில் லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. இரண்டு வயது மூத்தவள் என்ற ஒரே தகுதியில் ஒரு வருடமாக என்னை அதட்டிக்கொண்டிருந்தாய். நீ போன பிறகு அறை வெறிச்சோடிக் கிடக்கிறது. உன் கட்டிலில் என் துணிகள் குடியேறிவிட்டன.

பெரிய செய்தி: எனக்குத் தேர்வுத் தேதி வந்துவிட்டது. இருபத்தாறு, வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி. அதில் தேறினால் அடுத்த வாரமே நான் தனியாக விமானத்தை ஓட்டி மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் இறங்கித் திரும்ப வேண்டும். இந்த மாதத்தில் அந்த மலை மேல் மேகம் இல்லாத நாள் ஏது?

அம்மாவிடம் போனில் சொன்னேன். என்ன தேர்வு என்று கேட்டாள். "தலைல ஒரு மூடி மாட்டிவிடுவாங்கம்மா. வெளிய ஒண்ணும் தெரியாது. முன்னால இருக்கிற முள்ளு மட்டும்தான் தெரியும். அத வச்சே ஓட்டணும். பக்கத்து சீட்டுல இன்னொரு ஸ்டூடண்ட் உக்காந்து, எதுலயும் மோதாம வெளிய பாத்துக்குவாங்க."

"குதிரைக்குக் கண்ண மறைப்பாங்களே, அந்த மாதிரியா?"

"ஆமா."

"குதிரைக்குப் பக்கத்துலதானே மறைப்பாங்க. உனக்கு முன்னாலயே மறைக்கிறாங்களா?"

எனக்கு அது சுலபமாக வருகிறது என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லையே! உன்னை ஜோடியாக வைத்துக்கொண்டு மூடிக்குள் பதினான்கு மணி இருபது நிமிடம் ஓட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட நீ விமானத்தை என் கையிலிருந்து வாங்கவில்லை. திட்ட வேண்டிய இடத்தில் விசிலடித்தே 'விசில்' என்று பெயர் வாங்கிய நம் பயிற்சியாளரே என் லாக் புத்தகத்தில் அந்த நேரக் கணக்கைப் பார்த்து மெச்சித் தலையை ஆட்டினார்.

உனக்குப் பதிலாகத் தூணை எனக்கு ஜோடி போட்டிருக்கிறார்கள். ஆறடி இரண்டு அங்குலம், வாய்க்குப் பூட்டு. இன்று அவனோடு முதல் தடவை போனேன். ஒரே ரகளை. விமானம் ஓயாமல் இடது பக்கம் சாய்ந்தது. நானூறு அடி இறங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. கீழே வந்து "இடது பக்கம் இழுக்கிறது" என்று குறைப் புத்தகத்தில் எழுதிவிட்டேன். மெக்கானிக் ஸ்பேனர் அண்ணன் ஒரு மணி நேரம் குடைந்துவிட்டு வந்து, "விமானத்துக்கு ஒண்ணும் இல்ல தங்கச்சி. இன்னிக்கு உனக்குத்தான் எங்கயோ இழுக்குது" என்றார். போதாக்குறைக்கு விசிலிடமும் பழைய பாட்டு: "உன் காலு ரெண்டும் என்ன விருந்தாளியா? பெடல் மேல வைக்காம எப்பப் பாத்தாலும் தரையில வச்சிருக்க!"

தூணின் எடைதான் காரணம் என்று நினைக்கிறேன். சீக்கிரம் வா. உன்னோடு பறந்தால் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இருக்கும்.

உன்,
வாத்து


ஜூன் 7, ஞாயிறு
அக்கா வீடு

அன்பு வாத்துக்கு,

உன் கடிதத்தை அக்காதான் பிரித்துக் கொடுத்தாள். கண்கொத்திப் பாம்பாகக் காவல் காக்கிறாள். அசைந்தால் திட்டு, அசையாவிட்டால் சந்தேகம். "உயிரோட இருக்கியா?" என்று கதவைத் திறந்து கேட்டுவிட்டுப் போகிறாள். ஆசிரியையான அக்கா வீட்டில் நோயாளியாக இருப்பதும் கடைசி பெஞ்சில் உட்காருவதும் ஒன்றுதான்.

உள்காதில் கிருமியாம். கண்ணை மூடிப் படுத்திருந்தால் கட்டில் மெதுவாகக் கவிழ்கிறது. விழுந்துவிடப் போகிறோம் என்று கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். கண்ணைத் திறந்தால் கட்டில் போட்ட இடத்திலேயே இருக்கிறது. இந்தக் காதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் ஆகாயத்தில் திரிந்தோம் என்று பயமாக இருக்கிறது. டாக்டர் ஆறு வாரம் என்கிறார்.

தேர்வைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரு மாதம் தள்ளிப்போட முடியுமா என்று கேள். மாணவர்களோடு போவதை விட்டுவிட்டு விசிலோடு நாலைந்து தடவை போய் வா. காலைப் பெடலில் வை. அவர் சொல்வது விளையாட்டில்லை.

தூண் உன் பக்கத்தில் எப்படி உட்கார்கிறான்? கை கால்களை எங்கே வைத்துக்கொள்கிறான்? எதையாவது தொடுகிறானா? சும்மாதான் கேட்கிறேன்.

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் வரிகள் நகர்கின்றன. மருந்தின் வேலை என்று அக்கா சொல்கிறாள்.

அன்புடன்,
பெருசு


ஜூன் 12, வெள்ளி
விடுதி

பெருசு,

கோபித்துக்கொள்ளாதே என்று எழுதினால் கோபம் வராதா? தேர்வைத் தள்ளிப்போடவா? படுத்துக்கொண்டே என் காலை வாருகிறாயே! இந்தத் தேதிக்கு நான் எவ்வளவு நாள் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாதா? ஆரம்பத்தில் இரண்டு பறப்பு தள்ளுபடியாகி, மூன்றாவதும் போனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று குளியலறையில் உட்கார்ந்து அழுதேனே, கதவுக்கு வெளியே நின்றது நீதானே?

தூண் கையை மடியில் வைத்துக்கொள்கிறான். காலைச் சீட்டுக்கு அடியில் மடித்துக்கொள்கிறான். எதையும் தொடமாட்டான். கோயில் சிலைகூட அவனைவிட அசையும். போதுமா?

இப்போது உண்மையைச் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. எனக்கு என்னவோ ஆகிவிட்டது. புதன்கிழமை விசில் என்னை நிஜ மேகத்துக்குள் கூட்டிப்போனார். மூடி வேண்டாம், ஜன்னலெல்லாம் ஒரே வெள்ளை. முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. நேராகப் போகிறோம் என்று உடம்பு அடித்துச் சொன்னது. சாய்வு காட்டும் வட்டத்தைப் பார்த்தால் இடது பக்கம் முப்பது டிகிரி. சரி என்று நிமிர்த்தினேன். நிமிர்த்தியதும் வலது பக்கம் தலைகுப்புற விழுகிற மாதிரி இருந்தது. வட்டம் நேர் என்கிறது, உடம்பு விழுகிறோம் என்கிறது. நான் உடம்பின் பேச்சைக் கேட்டு மறுபடி இடது பக்கம் திருப்பிவிட்டேன். உயர முள் கடகடவென்று இறங்கியது. சாய்வை நிமிர்த்தாமலே மேலே இழுத்தேன், இன்னும் வேகமாக இறங்கியது. பக்கத்தில் விசில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, சட்டென்று நின்றுவிட்டது. "விடு" என்றார். அவர் வாங்கி மேகத்துக்கு வெளியே கொண்டு வந்தார்.

இறங்கியதும் சொன்னார்: "முள்ளுக்கு உன் மேல பாசமும் இல்ல, பகையும் இல்ல. உள்ளதக் காட்டும். இது முதல் பாடம். பதினாலு மணி நேரம் மூடி போட்டு ஓட்டின ஆளுக்கு இது கைக்கு வந்திருக்கணுமே." பிறகு, "மூடிய நகத்தி எட்டிப் பாத்தியா?" என்று கேட்டார்.

"சத்தியமா இல்ல சார்" என்றேன். நம்பினாரோ இல்லையோ தெரியவில்லை. அறைக்கு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் எட்டிப் பார்க்கவில்லை என்பது உனக்குத் தெரியும். இந்த உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வரி எழுதி அனுப்பு, அவரிடம் காட்டுகிறேன்.

நீ எனக்கு ராசி, பெருசு. நீ பக்கத்தில் இல்லாததால்தான் இப்படி. தேர்வுக்கு எப்படியாவது தேறிவிடுவேன், கவலைப்படாதே. மலைப் பயணம்தான் பயமாக இருக்கிறது.

வாத்து


ஜூன் 17, புதன்
அக்கா வீடு

அன்புள்ள வாத்து,

இந்தக் கடிதத்தை அக்காவின் கையில் கொடுத்துக் கூரியரில் அனுப்புகிறேன். தேர்வுக்கு முன்பே கிடைத்துவிடும். உட்கார்ந்து படி.

நேற்று முன்தினம் விடுதிக்குப் போன் செய்தேனே, அது உன் நலம் விசாரிக்க இல்லை. டாக்டர் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று அக்காவின் போனை எடுத்து, வார்டனிடம் உன்னைக் கூப்பிடச் சொன்னேன். நீ ஓடிவந்து மூச்சு வாங்க, "பெருசு! எந்திரிச்சிட்டியா?" என்றாய். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. நன்றாகச் செய் என்று வாழ்த்திவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். தாள் என்னைப் பெருசு என்று கூப்பிடாது.

நீ எட்டிப் பார்க்கவில்லை. விமானத்தில் பழுதும் இல்லை, தூணின் எடையும் காரணமில்லை. அந்தப் பதினான்கு மணி இருபது நிமிடமும் உன்னோடு சேர்ந்து நானும் ஓட்டினேன்.

குளியலறையில் அழுதாயே, அதற்கு மறுநாள் நாம் இருவரும் போனோம். நீ மூடிக்குள் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினாய். இடது இறக்கை மெல்ல மெல்ல இறங்கியது. உனக்குத் தெரியவே இல்லை. உன் பக்கத்து ஜன்னல் முழுக்கத் தரையாகிவிட்டது. நியாயப்படி நான் "சாய்கிறாய்" என்று சொல்லியிருக்க வேண்டும், அல்லது விமானத்தை வாங்கியிருக்க வேண்டும். வாங்கினால் அந்தப் பறப்பு தள்ளுபடி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு எழுத வேண்டும். அது உனக்கு மூன்றாவது. நான் வலது பெடலைக் கால் கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். இறக்கை நிமிர்ந்தது. என் பெடலை அழுத்தினால் உன் பெடலும்தான் நகரும். ஆனால் உன் கால்கள் வழக்கம்போலத் தரையில் இருந்தன. "பாத்தியா, எவ்வளவு நேராப் போகுது!" என்று கூவினாய்.

ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாளும் சாய்ந்தது. அதற்கும் மறுநாள் நான் பழகிவிட்டேன். இடது சாய்ந்தால் வலது பெடல், வலது சாய்ந்தால் இடது. உனக்குக் காற்றின் ஆட்டம் என்று தோன்றும்படி மெதுவாகச் செய்வதில் கெட்டிக்காரியாகிவிட்டேன்.

உன் மேல் வைத்த பாசத்தால் செய்தேன் என்று எழுதினால் எனக்கு நன்றாக இருக்கும். பாதிதான் நிஜம். மீதி, பயம். நீயாக வட்டத்தைப் பார்த்து, நீயாகத் திருத்த உனக்குப் பத்து விநாடி வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பத்து விநாடியைப் பொறுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. என் உயிருக்குப் பயந்து உன்னைக் கற்றுக்கொள்ள விடாமல் செய்துவிட்டேன்.

தேர்வில் உன்னை ஒருவேளை தெளிந்த வானத்தில் மூடியோடு ஓட்டச் சொல்வார்கள். எப்படியோ தேறிவிடுவாய். அதுதான் என்னைத் தூங்க விடாமல் அடிக்கிறது. அடுத்த வாரம் மலை மேல் நீ தனியாக இருப்பாய். போகாதே. என்னைத் திட்டு, காறித் துப்பு, ஆனால் போகாதே.

பெருசு


ஜூன் 22, திங்கள்
அக்கா வீடு

வாத்து,

கடிதம் சனிக்கிழமையே கிடைத்துவிட்டது, நீ கையெழுத்துப் போட்டு வாங்கினாய் என்று கூரியர்காரர் சொல்கிறார். ஒரு வார்த்தை பதில் இல்லை. போன் செய்தால் நீ வெளியே போயிருப்பதாக வார்டன் சொல்கிறார். பின்னால் உன் குரல் கேட்கிறது.

எழுந்து நடக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வருகிறேன். தபால்காரர் வரும் நேரம், போகும் நேரம் எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. அக்கா, "யாருக்குடி காத்திருக்க?" என்று கேட்கிறாள்.

உன் கோபம் நியாயம். ஆனால் கோபத்தில் வீம்புக்குத் தேர்வுக்குப் போய்விடாதே. இருபத்தாறாம் தேதி காலை ஆறு மணிக்குள் உன்னிடமிருந்து சேதி வராவிட்டால், விசிலின் ஆபீசுக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை. இது சத்தியம்.

பெருசு


ஜூலை 1, புதன்
விடுதி

பெருசு,

உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தைச் சனிக்கிழமை வாங்கிப் படித்ததும் நீ பொய் சொல்கிறாய் என்று நினைத்தேன். படுத்த படுக்கையில் பொறாமை என்றுகூட நினைத்தேன். மன்னித்துக்கொள். மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. வார்டனிடம், நான் இல்லை என்று சொல்லச் சொன்னதும் நான்தான்.

செவ்வாய்க்கிழமை தூணைக் கூப்பிட்டுக்கொண்டு போனேன். காலைச் சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னேன். அந்த உயரத்துக்கு அந்தச் சின்னச் சீட்டில் அவன் பட்ட பாட்டைப் பார்த்திருந்தால் நீ காது வலியை மறந்திருப்பாய். முழங்கால் தாடையில் இடித்தது. "நான் ரொம்ப மோசமாப் போற வரைக்கும் தொடாதே" என்றேன். நாற்பது நிமிடம் ஓட்டினேன். மூன்று தடவை சுழன்று இறங்கினேன். மூன்றாவது தடவை அவன் முதன்முதலாக வாயைத் திறந்தான்: "போதும்க்கா. கீழ போயிடலாம்." அப்போதுதான் உன்னை நம்பினேன்.

மறுநாள் விசிலிடம் போய் லாக் புத்தகத்தை நீட்டினேன். என்ன நடந்தது என்று சொன்னேன், யார் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன? ஜோடிப் பட்டியல் எழுதுவதே அவர்தான். ஸ்கேலை எடுத்துக் கொடுத்தார். நானே பதினான்கு மணி இருபது நிமிடத்தையும் ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டு அடித்தேன். அடிக்கும்போது அழுதேன், மறைக்கவில்லை. தேர்வு ரத்து. முதலிலிருந்து ஆரம்பம், இன்னும் நாலு மாதம் இங்கேதான். அம்மா கேட்டதற்கு விமானம் பழுது என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு விஷயம் தெரியுமா? நீ மூடி போட்டு ஓட்டியபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டில் போகும் லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். உனக்கு உதவ வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அதனால்தான் நீ ஒழுங்காகக் கற்றுக்கொண்டாய். இதை நினைத்து நேற்று தனியாகச் சிரித்தேன். சிரித்த பிறகு உன் மேல் இன்னும் கோபம் வந்தது.

நேற்று விசிலோடு மேகத்துக்குள் போனேன். இரண்டு காலும் பெடலில். உடம்பு வலது பக்கம் விழுகிறோம், விழுகிறோம் என்று கத்தியது. கழுத்தே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. சாயட்டும் என்று விட்டுவிட்டு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு நிமிடம் நேராக ஓட்டினேன். ஏழாவது நிமிடம் சாய்ந்தது, விசில் சத்தம் கேட்டது. அந்த ஆறு நிமிடம் நான் ஓட்டியது.

இப்போது உன் இரண்டாவது கடிதத்துக்கு வருகிறேன். அது இருபத்தைந்தாம் தேதி வந்தது. படித்ததும் பாதிக் கோபம் போய்விட்டது. எழுந்து போய் விசிலிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். "அவளே கூப்பிட்டுச் சொல்லட்டும். சொன்னா, காது சரியானதும் வரட்டும், இடம் இருக்கு. நானாக் கேக்க மாட்டேன்" என்றார். உடனே உனக்குப் போன் செய்து எல்லாம் முடிந்துவிட்டது, பயப்படாதே என்று சொல்லியிருக்கலாம். கை பரபரத்தது. வேண்டாம், அவள் செய்யட்டும் என்று அடக்கிக்கொண்டேன். நீ கூப்பிடுவாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூப்பிட்டதும் விசிலின் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "வந்து தொலை, உன் கட்டிலைக் காலி பண்ணிட்டேன்" என்று சொல்ல நினைத்திருந்தேன். நிஜமாகவே என் துணிகளை எடுத்து வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கே ஆபீசுக்குப் போய் உட்கார்ந்தேன். விசிலும் வந்தார். எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார். ஆறு அடித்தது. உன் அக்காவிடமிருந்து போன் வாங்க நேரமாகும் என்றேன். ஆறரை ஆனது. தலை சுற்றியிருக்கும் என்றேன். அவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். உனக்குத் தெரிந்தவரை எட்டு மணிக்கு எனக்குத் தேர்வு. எட்டும் ஆனது. அதில் தேறினால் அடுத்த வாரம் மலை மேல் நான் தனியாக இருப்பேன் என்று நீதான் எழுதியிருந்தாய்.

ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தோம். பிறகு விசில் எழுந்து போய் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, லைன் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

இப்படிக்கு,
உன்னோடு பதினான்கு மணி இருபது நிமிடம் பறந்தவள்